சேவ் செய்யாத இரண்டு நாள் வேலை

சிங்கப்பூரில் துணைப்பாட நிலையங்களுக்குத் தமிழ்ப் பயிற்சித்தாள் தயாரித்துக் கொடுக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கும் வாசகி எழுதியிருக்கிறார். அங்கே நிரல் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தொடக்கநிலை 3 முதல் 6 வரைக்கான பயிற்சிகள் மார்க்டவுன் (எளிய குறிகளால் வடிவமைக்கும் உரை) கோப்புகளாக இருக்கின்றன. ஐந்து பேர் அவற்றை விஎஸ் கோட் என்ற எடிட்டரில் திறந்து திருத்துகிறார்கள். வினாக்களுக்கு எண் போடுவது எல்லாருக்கும் தலைவலியாக இருந்ததால், வார இறுதிகளில் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து, அந்த எடிட்டரோடு இணைந்து ஓடும் ஒரு சிறு நிரலை, ஓர் எக்ஸ்டென்ஷனை, எழுதினார். ஒரு கட்டளை கொடுத்தால் போதும், 64 கோப்புகளிலும் வினா எண்கள் வரிசைக்கு வந்துவிடும். மூன்று மாதம் நன்றாகவே ஓடியது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, வாசகி ‘அக்கா’ என்று அழைக்கும் மூத்த ஊழியர் அந்தக் கட்டளையைக் கொடுத்திருக்கிறார். அவருடைய எடிட்டரில் அப்போது ஏழு கோப்புகள் சேவ் செய்யப்படாமல் திறந்திருந்தன. பிறகு சேவ் செய்யப் போனபோது, ‘வட்டில் இருப்பது இதைவிடப் புதியது, ஒப்பிட்டுப் பாருங்கள் அல்லது மேலெழுதுங்கள்’ என்ற பொருளில் எச்சரிக்கை வந்தது. அக்கா வாட்ஸ்அப்பில் கேட்டார். உணவங்காடியில் வரிசையில் நின்றுகொண்டிருந்த வாசகி, ‘புதுசையே எடுத்துக்கோங்கக்கா’ என்று பதில் போட்டார். ஏழு கோப்புக்கும் அக்கா அப்படியே செய்தார். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய முன்னுணர்வுக் கருத்தறிதல் (இடம் விட்ட பத்தியை நிரப்பும் பயிற்சி) பகுதிகள் அத்தோடு போயின.

மறுவேலைக்கான செலவை வாசகியின் சம்பளத்தில் பிடிக்கப்போவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். வேலையை விட்டுவிடலாமா என்று வாசகி கேட்கிறார். கூடவே சில தொழில்நுட்பக் கேள்விகளும் இருக்கின்றன: கோப்புகளை வாசித்து எழுத இப்போது பயன்படுத்தும், ஜாவாஸ்கிரிப்ட் தளமான நோடின் எஃப்எஸ்ஸை விட்டுவிட்டு, அதே வேலைக்கு விஎஸ் கோடே தரும் வொர்க்ஸ்பேஸ் எஃப்எஸ்ஸுக்கு மாறினால் தீருமா? தமிழ் வரிகளின் நடுவே சில சமயம் எண் போய் விழுவது ஏன்? பாதுகாப்புக்காக எல்லாக் கோப்புகளையும் தன் சொந்த கிளவுட் கணக்கில் நகலெடுக்கத் தொடங்கியிருப்பது சரியா? இந்த எக்ஸ்டென்ஷனைத் தன் பெயரில் வெளியிடலாமா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் ‘என் கவனக்குறைவு’ என்ற சொல் நான்கு இடத்தில் வருகிறது. ஒரு இடத்தில் மட்டும் அதை ஒத்துக்கொள்கிறேன்: அந்த வாட்ஸ்அப் பதில். எச்சரிக்கை என்ன சொல்கிறது என்று பார்க்காமல் பதில் சொன்னீர்கள். மற்றதெல்லாம் கவனக்குறைவு இல்லை. எடிட்டருக்கு எக்ஸ்டென்ஷன் எழுதத் தொடங்கும் பெரும்பாலானோர் முதலில் தப்பாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயத்தை நீங்களும் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள். அதைத் தெளிவாக்கிவிட்டால் உங்கள் கேள்விகளில் பாதி தானாகக் கரைந்துவிடும்.

கோப்பு வேறு, ஆவணம் வேறு

நம் மொழியில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பது நமக்கு வசதி. வட்டில் இருப்பது கோப்பு. எடிட்டர் அதைத் திறந்து நினைவகத்தில் வைத்துக்கொண்டு, திரையில் காட்டி, விசை தட்டத் தட்ட மாற்றிக்கொண்டே போவது ஆவணம். சேவ் செய்யும் அந்த ஒரு கணத்தில் இரண்டும் ஒன்றாகின்றன. அடுத்த எழுத்தைத் தட்டியதும் மறுபடி பிரிந்துவிடுகின்றன.

உங்கள் நிரல் எஃப்எஸ்ஸின் ரீட்ஃபைல்சிங்க் கொண்டு வாசித்தது கோப்பை. அக்கா இரண்டு நாளாக எழுதிக்கொண்டிருந்தது ஆவணத்தில். ஆக, உங்கள் எக்ஸ்டென்ஷனின் கண்ணுக்கு அக்காவின் எழுத்து ஒருபோதும் படவே இல்லை. அது செவ்வாய்க்கிழமைப் பழைய கோப்பை எடுத்தது, எண்ணைத் திருத்தியது, வியாழக்கிழமை நேர முத்திரையோடு வட்டில் எழுதியது. ‘புதியது’ என்று எச்சரிக்கை சொன்னது இந்த நேர முத்திரையை மட்டும்தான். உள்ளே இருந்த எழுத்து பழையது. நீங்களும் அக்காவும் அந்தச் சொல்லை அதன் இயல்பான பொருளில் எடுத்துக்கொண்டீர்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விஎஸ் கோட் அக்காவின் எழுத்தை அழிக்கவில்லை. சேவ் செய்யாத மாற்றம் இருக்கும் ஆவணத்தை, வட்டில் கோப்பு மாறினாலும் அது தானாக மாற்றாது. மாற்றம் ஏதும் இல்லாத ஆவணத்தை மட்டும் வட்டிலிருந்து சத்தமில்லாமல் புதுப்பித்துக்கொள்ளும். மூன்று மாதம் உங்களுக்குச் சிக்கல் வராததற்கு அதுதான் காரணம்: எல்லாரும் சேவ் செய்துவிட்டுத்தான் கட்டளையைக் கொடுத்திருக்கிறார்கள்.

அக்கா ஏன் இரண்டு நாள் சேவ் செய்யவில்லை என்று முதலாளி கோபப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் இதைச் சொல்லுங்கள். சேவ் செய்யாமல் எடிட்டரையே மூடினாலும், மறுநாள் திறக்கும்போது விட்ட இடத்திலிருந்தே தொடரும்படி விஎஸ் கோட் அந்த எழுத்தைத் தனியே காப்பாற்றி வைக்கிறது. ‘மூடிட்டுப் போனாலும் காலையில அப்படியே இருக்கும்’ என்று அக்கா நம்பியது உண்மையை நம்பியதுதான். ஆனால் அந்தத் தற்காலிகக் காப்பு, மாற்றங்களை வேண்டாம் என்று கைவிட்டதும் போய்விடும். கோப்பின் பழைய பிரதிகளைக் காட்டும் டைம்லைன் பகுதியில் தேடிப் பழையது மட்டுமே கிடைத்தது என்கிறீர்கள். 2022 மார்ச் மாத 1.66 பதிப்பில் வந்த அந்த உள்ளூர் வரலாறு, சேவ் செய்யும்போதுதான் ஒரு பிரதியை எடுத்து வைக்கும். சேவ் ஆகாத எழுத்துக்கு அங்கே இடமில்லை. அந்த நிமிடமே, ஆவணத்தை மூடாமல், செயல்நீக்கத்தை (அண்டூ) அழுத்திப் பார்த்திருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும். ஒரு மாதம் கழித்து அதற்கு வழியில்லை. அந்த ஏழு பகுதிகளும் திரும்ப வராது என்பதை அக்காவிடம் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள். இன்னும் தேடுகிறேன் என்று இழுக்க வேண்டாம், அவர் காத்திருப்பார்.

வொர்க்ஸ்பேஸ் எஃப்எஸ்ஸுக்கு மாறினால் தீருமா

தீராது. நீங்கள் அடுத்து செய்யப்போவது இதுதான் என்று எழுதியிருப்பதால் அழுத்திச் சொல்கிறேன். வொர்க்ஸ்பேஸ் எஃப்எஸ் நல்ல கருவிதான். கோப்பு உங்கள் கணினியில் இல்லாமல் தொலைவில் ஒரு சர்வரில் இருந்தாலும், உலாவியிலேயே ஓடும் விஎஸ் கோடில் இருந்தாலும், அது வேலை செய்யும். நோடின் எஃப்எஸ் அங்கே பல சமயம் கைவிரித்துவிடும். ஆனால் அதுவும் வட்டோடுதான் பேசுகிறது. ஆவணத்தில் சேவ் ஆகாத மாற்றம் இருக்கிறதா என்று அதுவும் கேட்பதில்லை. அதை வைத்து எழுதியிருந்தாலும் அந்த வியாழக்கிழமை இதேதான் நடந்திருக்கும்.

எக்ஸ்டென்ஷன் கைவைக்க வேண்டியது ஆவணத்தில். ஓபன் டெக்ஸ்ட் டாக்குமென்ட் என்று கேட்டால், ஏற்கெனவே திறந்திருக்கும் ஆவணம் என்றால் அதையே, சேவ் ஆகாத எழுத்தோடு கொடுக்கும். திறக்கவில்லை என்றால் வட்டிலிருந்து ஏற்றிக் கொடுக்கும், திரையில் காட்டாது. மாற்றத்தை வொர்க்ஸ்பேஸ் எடிட்டில் கோத்து அப்ளை எடிட்டிடம் ஒப்படைத்தால், அது ஆவணத்தில் பதியும். அக்கா செயல்நீக்கம் செய்யலாம், பார்த்துவிட்டு சேவ் செய்யலாம், வேண்டாம் என்று விடலாம். முடிவு அவர் கையில் இருக்கும்.

இதில் இரண்டு நுணுக்கம் இருக்கிறது. அப்ளை எடிட் வெற்றியா தோல்வியா என்று ஒரு விடை தரும். அதற்குக் காத்திருந்து, ‘இல்லை’ என்று வந்தால் பயனருக்குச் சொல்ல வேண்டும். பலர் அந்த விடையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இன்னொன்று, ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு வெர்ஷன் எண் உண்டு; ஒவ்வொரு மாற்றத்துக்கும் அது கூடிக்கொண்டே போகும், செயல்நீக்கத்துக்கும்கூட. 64 ஆவணங்களையும் வாசித்து எண் கணக்கிட ஓரிரு நொடி ஆகும். அதற்குள் அக்கா ஒரு வரி சேர்த்திருக்கலாம். கணக்கைத் தொடங்கும்போது வெர்ஷன் எண்ணைக் குறித்துவைத்து, பதியும் முன் ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் அந்த ஆவணத்துக்கு மறுபடி கணக்கிடுங்கள்.

முழு ஆவணத்தையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடாதீர்கள். எண் இருக்கும் அந்த இரண்டு மூன்று எழுத்தை மட்டும் மாற்றுங்கள். முழுதாக மாற்றினால் கர்சர் ஓரிடத்தில், மடித்து வைத்த பகுதி இன்னோரிடத்தில் என்று குழம்பிப்போகும். மாற்றத்தைக் கண்ணால் சரிபார்க்கவும் முடியாது.

உங்கள் முன்னால் இருக்கும் மூன்று வழி

இன்றே செய்யக்கூடியது ஒன்று. கட்டளை தொடங்கியதும் திறந்திருக்கும் ஆவணங்களின் பட்டியலை எடுங்கள். இஸ்டர்ட்டி (சேவ் ஆகவில்லை) என்று காட்டும் ஒன்று இருந்தாலும், ‘இந்த ஏழு கோப்புகள் சேவ் செய்யப்படவில்லை’ என்று பெயர்களோடு சொல்லிவிட்டு நின்றுவிடுங்கள். பத்து வரி வேலை. இதை முதலில் செய்து ஐந்து பேர் கணினியிலும் போட்டுவிடுங்கள், மற்றது காத்திருக்கலாம். ஆனால் இதற்கு ஒரு ஓட்டை உண்டு: எக்ஸ்டென்ஷனுக்குத் தன் சாளரத்தில் உள்ள ஆவணங்கள் மட்டும்தான் தெரியும். அக்கா இரண்டு சாளரம் திறந்து, மற்றொன்றில் எழுதிக்கொண்டிருந்தால் உங்களுக்குத் தெரியாது.

இரண்டாவது, மேலே சொன்னபடி வொர்க்ஸ்பேஸ் எடிட்டுக்கு மாற்றி எழுதுவது. ஒரு வாரம் ஆகும். அன்றாடம் ஓரிரு கோப்பில் எண் திருத்துவதற்கு இதுதான் சரி. 64 கோப்பையும் ஒரே மூச்சில் திருத்தினால் 64 ஆவணமும் சேவ் ஆகாமல் நிற்கும். மாற்றங்களை முன்னோட்டமாகக் காட்டி ஒப்புதல் கேட்கும் வசதியை அதற்குப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, மொத்தத் திருத்தத்தை எடிட்டரிலிருந்தே எடுத்துவிட்டு, மாதம் ஒருமுறை நீங்கள் மட்டும் ஓட்டும் தனி நிரலாக்குவது. எல்லாரும் சேவ் செய்து, மாற்றங்களைப் பதிப்பு வாரியாகக் காத்துவைக்கும் கிட் கருவியில் கமிட் செய்த (பதிந்த) பிறகு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட்டலாம். அங்கே நேரடியாக வட்டில் எழுதுவதில் தப்பே இல்லை. என் யோசனை: முதலாவதை இன்றே, இரண்டாவதையும் மூன்றாவதையும் அடுத்த மாதத்துக்குள். உங்கள் கடிதத்தில் கிட் பற்றி ஒரு வரிகூட இல்லை. மற்றவர்களுக்கு அது தெரியாது என்பதுதான் காரணம் என்றால், கமிட் செய்ய மட்டும் கற்றுக்கொடுங்கள். அரை மணி நேரம் போதும்.

சேவ் செய்யும்போதே தானாக எண் திருத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், அதற்கென்று சேவ் ஆவதற்குச் சற்று முன் வரும் ஆன்வில்சேவ் நிகழ்வு இருக்கிறது. ஆனால் அதில் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லா எக்ஸ்டென்ஷன்களுக்கும் சேர்த்து ஒன்றரை நொடிதான் கெடு. உங்களுடையது மூன்று முறை சொதப்பினால் விஎஸ் கோட் அதைக் கூப்பிடுவதையே நிறுத்திவிடும். திருத்தங்களைக் கணக்கிட்டுத் திருப்பித் தருவதோடு நின்றுவிடுங்கள். சேவ் முடிந்த பின் வரும் நிகழ்வில் திருத்திவிட்டு மறுபடி சேவ் செய்தால், அந்தச் சேவ் மறுபடி அதே நிகழ்வை எழுப்பும். அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதைச் சொல்லும்போது ஒரு பழைய நினைவு. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில், வரிக்கடைசியில் தேவையில்லாமல் நிற்கும் இடைவெளிகளைச் சேவ் செய்யும்போதே நீக்கும் ஒரு சிறு கருவி எழுதினேன். மார்க்டவுனில் வரிக்கடைசியில் இரண்டு இடைவெளி விட்டால் அங்கே வரி முறிய வேண்டும் என்று பொருள். ஒரு தோழி தட்டச்சு செய்து வைத்திருந்த கவிதைகள் எல்லாம் உரைநடையாகிவிட்டன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு வரியாகத் திரும்ப முறித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து, கேட்காமல் தானாக நடக்கும் எதையும் முதலில் அணைத்து வைத்தே கொடுக்கிறேன். வேண்டும் என்பவர் போட்டுக்கொள்ளட்டும்.

தமிழ் வரியின் நடுவே எண் விழுவது

நீங்கள் அனுப்பிய நிரல் துணுக்கில் விடை இருக்கிறது. கோப்பை பைட்டுகளாக வாசித்து, பைட் கணக்கில் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த எண்ணை வைத்து ஜாவாஸ்கிரிப்ட் எழுத்துச் சரத்தில் திருத்துகிறீர்கள். ஜாவாஸ்கிரிப்ட்டும் எடிட்டரும் எண்ணுவது பைட்டை இல்லை, யுடிஎஃப்-16 என்ற குறியாக்கத்தின் அலகுகளை. ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. எடிட்டரின் கணக்கில் ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8 கோப்பில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆகப் பதினைந்து. ஆங்கில வரிகளில் மூன்று கணக்கும் ஒன்றாகவே வருவதால் உங்கள் சோதனையில் தப்பு தெரியவில்லை. தமிழ் வரி வந்ததும், இந்த ஒரு சொல்லுக்கே எண் பத்து இடம் தள்ளிப்போய் விழுகிறது.

பைட்டுகளை விட்டுவிட்டு ஆவணத்திடமே கேளுங்கள். வரியைக் கொடு என்றால் கொடுக்கும். ஆவணத்தின் முழு எழுத்தில் நீங்கள் எண்ணிய இடம் எந்த வரி, அதில் எத்தனையாவது இடம் என்று கேட்டால் பொசிஷன்அட் சொல்லும். விண்டோஸ் கோப்பில் வரி முடிவுக்கு இரண்டு குறி, மேக்கில் ஒன்று என்ற வேறுபாட்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

கூடவே இன்னொரு பொறி. ‘கொ’ என்பதை க, ஒகரக் குறி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். க, எகரக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒப்பிட்டால் வேறு வேறு என்று வரும். தேடும் முன் இரு பக்கத்தையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள், ஆனால் தேடுவதற்கு மட்டும். ஆவணத்தில் அதை எழுதிவிட்டால், கேட்காத இடங்களிலெல்லாம் மாற்றம் நடந்திருக்கும். தேடல் வடிவங்களை எழுதும் ரெஜெக்ஸில் சொல்லெல்லையைக் குறிக்கும் அடையாளமும் தமிழுக்கு உதவாது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டும்தான் ‘சொல்’. யூனிக்கோடு எழுத்து வகை, குறி வகை இரண்டையும் சேர்த்து நீங்களே எல்லை வரையறுக்க வேண்டும்.

இந்தப் பாடு புதிதல்ல. 1997-இல் இதே சிங்கப்பூரில் தமிழ்க் கணிமைக்கான தமிழ்நெட் மாநாடு கூடியபோது ஆளுக்கொரு எழுத்துருக் குறியீடு இருந்தது. ஒருவர் தட்டியது இன்னொருவர் திரையில் தமிழாகவே வராது. கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய நா. கோவிந்தசாமி போன்றவர்கள் அந்தக் காலத்தில் பட்ட பாட்டை நினைத்தால், நமக்கு மிச்சம் இருப்பது எண்ணும் வேலை மட்டும்தான். அதையாவது சரியாகச் செய்வோம்.

நகல்களும் மாணவர் பெயர்களும்

எக்ஸ்டென்ஷனின் சொந்தக் கோப்புறையில் முதலில் நகல் வைத்ததாகவும், ஒரு மேம்படுத்தலுக்குப் பிறகு அவை காணாமல் போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். புதிய பதிப்பு வந்தால் புதிய கோப்புறை வரும், பழையது நீக்கப்படும். எதையும் நிலையாக வைக்க அது இடமில்லை. அதற்கென்று குளோபல் ஸ்டோரேஜ் என்று ஓர் இடம் ஒதுக்கித் தரப்படுகிறது. முதல் முறை அந்தக் கோப்புறையை நீங்களே உருவாக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அக்கா டாபை மூடும்போது நகல் எடுப்பதாகப் போட்டிருக்கும் திட்டமும் நடக்காது. டாபை மூடினால் ஆவணம் மூடிய நிகழ்வு உடனே வரும் என்று உத்தரவாதமில்லை. சில சமயம் நெடுநேரம் கழித்தே வரும்.

ஆனால் எனக்கு உண்மையில் கவலை தந்தது உங்கள் சொந்த கிளவுட் கணக்கு. அந்தக் கோப்புகளில் மாதிரிக் கட்டுரைகள் இருக்கின்றன, சிலவற்றில் மாணவர் பெயரும் பள்ளியும் அப்படியே இருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்தத் தகவலுக்குப் பொறுப்பு உங்கள் நிறுவனம். நிறுவனத்துக்குத் தெரியாமல் அது உங்கள் கணக்கில் இருக்கக் கூடாது. நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள், யாரும் பார்க்கவும் இல்லை. அப்படியிருந்தும் ஓசைப்படாமல் அழித்துவிடாதீர்கள். பின்னால் யாராவது கேட்டால் அழித்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பும். ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்திருக்க வேண்டும். சிறு நிறுவனங்களில் அது பெரும்பாலும் முதலாளியேதான். அவரிடம் எழுத்தில் சொல்லுங்கள்: எந்தத் தேதியில், எத்தனை கோப்பு, வேறு யாருக்கும் பகிரவில்லை. அவர் ஒப்புதலோடு நீக்குங்கள். தகவல் கசிந்தால் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்கும் கடமை, 500 பேருக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டாலோ பெரிய தீங்கு நேரக்கூடியதாக இருந்தாலோ எழுகிறது. அப்படி முடிவானால் மூன்று நாளுக்குள் அறிவிக்க வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்த அளவுக்குப் போகாது. அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான்.

மாணவர் பெயர்கள் எக்ஸ்டென்ஷன் பொதியிலும் நுழையலாம், அதையும் பாருங்கள். விலக்கப்பட வேண்டியவை என்று நீங்கள் குறித்து வைக்காத எல்லாமே பொதிக்குள் போகும், சோதனைக்கு வைத்த மாதிரிக் கோப்புகள் உட்பட. பொதி கட்டும் முன், உள்ளே என்னென்ன போகின்றன என்று விஎஸ்சிஇ கருவியையே பட்டியல் கேட்கலாம். ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

வெளியிடுவதைப் பொறுத்தவரை அவசரப்படாதீர்கள். வேலையின் ஒரு பகுதியாக ஊழியர் உருவாக்கும் படைப்பின் பதிப்புரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால் முதலாளிக்கே என்பது 2021-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் நிலை. நூலகத்தில் உட்கார்ந்து சொந்த நேரத்தில் எழுதியது உங்களுக்குச் சாதகம்; அலுவலக வேலைக்காகவே எழுதியது எதிர்ப்பக்கம். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பிறகு எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

சம்பளப் பிடித்தம்

முதலாளி நினைத்த தொகையை நினைத்தபடி பிடித்துவிட முடியாது. வேலை நியமனச் சட்டம், 2019 ஏப்ரல் 1 முதல், நிர்வாக நிலையில் உள்ளவர்கள் உட்பட ஏறக்குறைய எல்லா ஊழியர்களுக்கும் பொருந்துகிறது. சேதத்துக்கோ இழப்புக்கோ பிடித்தம் செய்ய அது இடம் தருகிறது, ஆனால் நிபந்தனையோடு. உங்கள் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்ட பொருளோ பணமோ உங்கள் அலட்சியத்தால் நேரடியாக இழக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். அப்போதும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, அதுவும் ஒரே ஒரு முறைதான். இன்னொருவர் தட்டச்சு செய்த இரண்டு நாள் உழைப்பு ‘ஒப்படைக்கப்பட்ட பொருள்’ ஆகுமா என்பதே எனக்குப் பெரிய சந்தேகம். நான் மென்பொருள்காரன். இதை மனிதவள அமைச்சிடமோ, சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனையிலோ உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆனால் அவரிடம் சட்டத்தோடு முதலில் போகாதீர்கள். ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள்: என்ன நடந்தது, ஏன் நடந்தது, இன்று எதை அடைத்துவிட்டேன், அடுத்த மாதம் எதை அடைப்பேன். கோபத்தில் இருக்கும் ஒருவருக்கு இது மறுபடி நடக்காது என்று தெரிய வேண்டும். அவர் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். அதன் பிறகும் பிடிப்பேன் என்றால், எந்த அடிப்படையில் என்று எழுத்தில் கேளுங்கள். சம்பளச் சீட்டில் என்ன காரணம் காட்டுகிறார் என்று பாருங்கள்.

வேலையை விடுவது பற்றி: இந்த ஒரு சம்பவத்துக்காக என்றால், வேண்டாம். நீங்கள் போய்விட்டால் அந்தப் பழைய எக்ஸ்டென்ஷன் ஐந்து கணினியிலும் அப்படியே இருக்கும். அதைத் திருத்த அங்கே வேறு ஆளில்லை.

திருத்திய பதிப்பை முதலில் அக்காவின் கணினியில் போடுங்கள். அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு கோப்பைத் திறந்து அவரையே ஒரு வரி தட்டச் சொல்லுங்கள், சேவ் வேண்டாம். டாபில் பெருக்கல் குறி இருந்த இடத்தில் ஒரு வட்டப் புள்ளி வரும். சேவ் ஆகவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம் என்று காட்டுங்கள். பிறகு கட்டளையைக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கோப்பின் பெயரைச் சொல்லி உங்கள் எக்ஸ்டென்ஷன் நின்றுவிட்டால், அடுத்த நான்கு கணினிகளுக்குப் போகலாம்.